மிச்சத்தை இந்த டின்னில் போடவும்

இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குக் கூர்ப்பு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்கு அந்தப் பெயர். பரிணாமம் என்று சொன்னாலும் அதேதான். சொல்லிக்கொடுத்தேனே தவிர எனக்கு அது விளங்கியிருக்கவில்லை. ஓர் உயிரியல் டீச்சர் இப்படி எழுதுவது வெட்கக்கேடுதான். ஆனால் ஒரு தடவை நான் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டதில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதோடு வைத்துப் பார்த்தால் இந்த வெட்கம் ஒன்றுமே இல்லை.

பதுளை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பு எடுக்கிறேன். கூர்ப்பு அலகு வந்துவிட்டால் எனக்குக் கொண்டாட்டம். பலகையில் ஒட்டகச்சிவிங்கி வரைவேன். எட்டி எட்டிப் பார்த்ததால் கழுத்து நீளவில்லை, நீளக் கழுத்தோடு பிறந்தது தின்று பிழைத்துக் குட்டி போட்டது, குட்டைக் கழுத்து பட்டினியில் போய்ச் சேர்ந்தது என்று நீட்டி முழக்குவேன். பரீட்சைத் தாளில் ஒரு பிள்ளை, பக்டீரியா மருந்துக்குப் பழகிக்கொள்கிறது என்று எழுதினால் சிவப்புப் பேனாவால் அடித்து, "பழகுவதில்லை, தேர்வாகிறது" என்று பக்கத்தில் எழுதுவேன். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்த் தலைவலி மாத்திரை விழுங்கும்போது, இந்த மாத்திரை எனக்குப் பழகிப்போச்சு, இப்போது கேட்பதில்லை என்று நானே சொல்வேன். சிவப்புப் பேனா பள்ளிக்கூடத்தோடு சரி.

இன்னொரு வசனமும் வைத்திருந்தேன். வருடா வருடம் அதைச் சொல்லாமல் அந்த அலகை முடித்ததில்லை. நம்முடைய ஆட்கள் கடல் தாண்டி வந்து மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து இந்த மலைக்கு ஏறினார்கள், தாங்காதவர்கள் வழியிலேயே விழுந்தார்கள், தாங்கியவர்கள் பெற்ற பிள்ளைகள்தான் நாம், அதனால் நாம் உரமான வித்து என்பேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் முதுகை நிமிர்த்தி உட்காருவார்கள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஒரு வருடம் கடைசி வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து, "அப்ப வழியில விழுந்தவங்க எல்லாம் சோதாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். பாடத்திட்டம் நிறையக் கிடக்கிறது, உட்கார் என்றேன்.

எனக்கு ஒரே ஓர் அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா தவறியபோது அவள் ஆறாம் வகுப்போடு நின்று கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனாள். நான் கம்பஸ் போய், வேலை கிடைத்து, டவுனில் வீடு எடுத்துக்கொண்ட பிறகும் அவள் நமுனுகுல மலைக்குக் கீழே உள்ள எங்கள் தோட்டத்தைவிட்டு வரவில்லை. கட்டியவன் கொழும்புக்கு வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். பிள்ளையும் இல்லை. டவுனுக்கு வந்து என்னோடு இரு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். அங்கே வந்து நாள் முழுக்கச் சுவரையா பார்த்துக்கொண்டிருப்பது என்பாள். அதனால் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு நான்தான் பஸ் ஏறிப் போவேன்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பன்னிரண்டு காம்பரா. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. பன்னிரண்டுக்கும் சேர்த்து, பால் பவுடர் வந்த பழைய பால்மா டின் ஒன்று உண்டு. அது அக்காவின் காம்பராவில், சாமி படத்துக்குப் பக்கத்துப் பலகையில் இருக்கும். யாராவது டவுனுக்குப் போய் மருந்து வாங்கி வந்தால் காய்ச்சல் விடும்வரை போடுவார்கள். விட்டதும் மிச்ச மாத்திரையைக் கொண்டுவந்து டின்னில் போட்டுவிடுவார்கள். அடுத்த காம்பராவில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் டின்னைத் திறப்பார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஆள் இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. பதுளைக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அன்றைக்குப் பேர் விழாது, அதாவது வேலை செய்த கணக்கில் சேராது. இதையெல்லாம் யோசித்து யாரும் ஏற்படுத்திய வழக்கமில்லை. தனக்கு நோய் விட்டதும் பக்கத்துக் காம்பராவை நினைத்ததில் வந்த வழக்கம். கெட்ட வழக்கமாக இருந்திருந்தால் எப்போதோ விட்டிருப்போம். அது நல்ல குணத்தில் பிறந்தது, அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

அந்த டின்னைத் திருத்தியது நான். ஒரு பள்ளி விடுமுறையில் போயிருந்தபோது திறந்து பார்த்தேன். சிவப்பும் கறுப்பும், வெள்ளையும் நீலமும், உடைந்தது நசுங்கியது எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. படித்தவளுக்குப் பொறுக்குமா? பழசையெல்லாம் வீசிவிட்டு, காட்போட் வெட்டித் தட்டி வைத்து மூன்று அறையாகப் பிரித்தேன். என் முத்துப்போன்ற கையெழுத்தில் காய்ச்சலுக்கு, புண்ணுக்கு, இருமலுக்கு என்று எழுதி ஒட்டினேன். மூடியின் உட்பக்கம் பெரிய எழுத்தில் இன்னொன்று எழுதி, கிழியாமலிருக்க மேலே பிளாஸ்டிக் டேப்பும் ஒட்டினேன். "குணமானதும் நிறுத்தி மிச்சத்தை இந்த டின்னில் போடவும்."

லயத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பக்கத்துக் காம்பராவில் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த பெண் ஒருத்தி அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, இனி பயமில்லாமல் போடலாம், டீச்சரே எழுதிட்டாங்க என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வாரம் வகுப்பில் பக்டீரியாவும் இயற்கைத் தேர்வும் நடத்தினேன். அந்தப் பாடத்துக்கும் அந்த டின்னுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

அக்காவுக்குச் சீனி வியாதி வந்து சில வருடமாயிற்று. டின்னைத் திருத்திய அடுத்த வருடம், கவ்வாத்து வெட்டிய மலை வழியாகக் குறுக்கே நடந்து வந்திருக்கிறாள். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை அடியோடு கழித்து விடுவது. வெட்டிய குச்சிகள் ஊசி ஊசியாக நிற்கும். ஒரு குச்சி செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறிவிட்டது. சீனி வியாதிக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி மட்டுதான். சாயந்தரம் காலைக் கழுவும்போதுதான் இரத்தத்தைப் பார்த்தாளாம்.

மூன்றாம் நாள் போன் எடுத்தாள். கால் வீங்கியிருக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றாள். எனக்கு அன்று தவணைப் பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்தது. புண்ணுக்கு என்று எழுதியிருக்கிற அறையிலிருந்து காலையில் ஒன்று, இரவில் ஒன்று போடு, இரண்டு நாளில் வற்றிவிடும் என்றேன். சொன்னபடி வற்றியது. மிச்சத்தை டின்னில் போட்டுவிட்டு அவள் வேலைக்குப் போனாள். பத்து நாள் கழித்து மறுபடி வீங்கியது. மறுபடி இரண்டு நாள் போட்டாள். இந்தத் தடவை கொஞ்சம்தான் வற்றியது. மூன்றாவது தடவை கெப்சூல் போட்டும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துக் காம்பராப் பெண் போன் எடுத்து, அக்கா கால் கெட்ட மணம் அடிக்குது டீச்சர், நீங்க வாங்க என்றாள். அவள் இடுப்பில் அப்போது கைக்குழந்தை. அது அழுவது போனில் கேட்டது.

பதுளை ஆஸ்பத்திரியில் அக்காவை வாட்டில் சேர்த்தார்கள். சிங்களப் பெண் டொக்டர், வயது முப்பது இருக்காது, தமிழ் நிதானமாகப் பேசினார். காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் யார், என்ன வேலை என்று விசாரித்தார். உயிரியல் டீச்சர் என்றேன். முகம் மலர்ந்து, அப்படியென்றால் உங்களிடம் பேசுவது லேசு, உங்களுக்கு விளங்கும் என்றார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இதுக்கு முன்னால ஏதாவது மருந்து எடுத்தாங்களா? என்டிபயோட்டிக் ஏதும்?"

"இல்லை," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. உங்களுக்கு விளங்கும் என்று அவர் சொல்லி ஒரு நிமிடம் ஆகவில்லை. பால்மா டின்னிலிருந்து இரண்டு இரண்டு நாளாக மூன்று தடவை, அதுவும் போனில் நான் சொல்லி, என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என் நாக்கு எழவில்லை. கட்டிலில் கிடந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கூரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டொக்டர் புண்ணிலிருந்து சீழ் எடுத்து லேபுக்கு அனுப்பினார். முடிவு வர மூன்று நாளாகும், அதுவரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று, மருந்தே தொடாத ஒருவருக்குக் கொடுக்கும் ஊசியை ஆரம்பித்தார். நான் சொன்னதை வைத்துத்தானே அவர் முடிவெடுக்க முடியும். மூன்று நாளும் ஊசி ஏறியது. மூன்று நாளும் கால் கறுத்துக்கொண்டு வந்தது. நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, இப்போது சொல்லிவிடுவேன், அடுத்த ரவுண்டில் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை. ஒரு தடவை இல்லை என்றவள் பிறகு ஆமாம் என்றால் என்ன நினைப்பார்கள் என்பதுதான் என் கவலையாக இருந்தது. என் அக்காவின் கால் கண்ணெதிரே அழுகும்போது எனக்கு அந்தக் கவலை.

லேப் தாள் வந்தது. டொக்டர் அதை என் கையில் கொடுத்தார். அப்படி ஒரு தாளை நான் வகுப்பில் படமாகக் காட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் மருந்துகளின் பெயர் வரிசை, எதிரே ஒவ்வோர் எழுத்து. எஸ் என்றால் மருந்துக்குக் கிருமி சாகும், ஆர் என்றால் சாகாது. மேலிருந்து கீழாக ஆர், ஆர், ஆர் என்றே இறங்கியது. கொடுத்துக்கொண்டிருந்த ஊசிக்கு எதிரேயும் ஆர். கடைசியில் இரண்டே இரண்டு எஸ்.

டொக்டர் குரலை உயர்த்தவில்லை. மருந்தே எடுக்கவில்லை என்றீர்களே, நிச்சயமா என்று மட்டும் கேட்டார். அப்போது சொன்னேன். டின்னைப் பற்றி, அறைகளைப் பற்றி, இரண்டு நாள் கணக்கைப் பற்றி. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முதல் நாளே தெரிந்திருந்தால் வேறு ஊசி போட்டிருப்பேன் என்றார். அதனால் கால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார். இன்றைக்கும் அது எனக்குத் தெரியாது. தெரியாமலே சாகப்போகிறேன்.

வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் எனக்கு விளங்கியது. கிருமிகள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, எதற்கும் பழகவில்லை. அவற்றுக்கு எங்கள்மேல் பகையும் இல்லை. கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ சில, அந்த மருந்தைக் கண்ணால் காணாமலே, அதைத் தாங்கும் உடம்போடு பிறந்திருக்கும். சும்மா விட்டிருந்தால் அவை கூட்டத்தில் ஒரு மூலையில் கிடந்திருக்கும். நாங்கள் இரண்டு நாள் மருந்து போட்டோம். தாங்காதவை செத்தன. காய்ச்சல் விட்டது. அரைகுறையாகத் தாங்கியவற்றை அடித்து முடிக்க இன்னும் நாலைந்து நாள் வேண்டியிருந்தது. அந்த நாலைந்து நாள் மருந்தை எடுத்து டின்னில் போட்டோம். காலியான இடம் முழுக்கத் தாங்கியவை குட்டி போட்டன. பிறகு மறுபடி இரண்டு நாள். மறுபடி. அக்காவின் காலில் மட்டுமா? பன்னிரண்டு காம்பராவிலும், இத்தனை வருடமாக, ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு. எந்தக் கிருமி எங்களைக் கொல்லுமோ அதையே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பொத்தி வளர்த்திருக்கிறோம். அதற்கு வழிமுறை எழுதி டேப் ஒட்டியது நான்.

அதில் நீதி நியாயம் எதுவும் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. உரமான வித்து என்று வகுப்பில் மார்தட்டினேனே, அந்தக் காட்டு வழியில் விழுந்தவர்கள் யார்? கழிச்சல் கண்டவர்கள், தண்ணீர் கிடைக்காதவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள், பின்தங்கிய ஒருத்திக்காக நின்றவர்கள். அவர்களுடைய வித்தில் என்ன குறையைக் கண்டேன்? தப்பியவன் தப்பினான், அவ்வளவுதான். அந்தப் பெண்பிள்ளை எழுந்து கேட்டபோது பதில் இல்லாமல்தான் உட்கார வைத்தேன்.

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள் பகலில் அக்காவிடம் சொல்லப் போனேன். அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. இத்தனை ஊசி போட்டும் மருந்து ஏன் கேட்கவில்லை என்று கேட்டாள். நான் டீச்சர் குரலில் ஆரம்பித்தேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. உடைந்த குரலிலேயே, தாங்காதது செத்தது, தாங்கியது பெருகியது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். பட்டப் படிப்புப் படித்து இருபது வருடம் நடத்திய எனக்கு அந்த வாங்கில் விளங்கியதை ஆறாம் வகுப்போடு நின்றவள் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டாள்.

"கொழுந்தக் கிள்ளிப்புட்டு முத்தல விட்டுட்டோம், இல்ல?" என்றாள். "மல பூரா முத்தலாப் போச்சு."

நாற்பது வருடம் இளந்தளிரைக் கிள்ளி முற்றிய இலையைச் செடியில் விட்ட கை அது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டொக்டரிடம் நான் பொய் சொன்னதைப் பற்றி அவள் ஏதாவது கேட்கட்டும், திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"நீ இல்லன்னு சொன்னப்ப நானுந்தான் சும்மா கெடந்தேன்," என்றாள். பிறகு, "அந்த டின்னு அங்கதான் இருக்கு. போயி எல்லாத்தையும் கொட்டிரு. ஆனா நீ எழுதுனதாலதான் இப்படின்னு யாருகிட்டயும் சொல்லிறாத. ஒன்னப் பாத்துத்தான் அங்க பொம்பளப் புள்ளைகளப் படிக்க அனுப்புறாளுக," என்றாள்.

காலை எடுத்தார்கள். விஷம் அதற்குள் இரத்தத்தில் ஏறியிருந்தது. நாலாம் நாள் பகல், பார்க்க வருகிறவர்களுக்கான நேரம் முடிந்து நான் வெளியே கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா போய்விட்டாள். பாதி டீயை வைத்துவிட்டு ஓடினேன். ஓடி என்ன?

லயத்துக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டும்போது, பக்கத்துக் காம்பராப் பெண் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, கால் எங்கே டீச்சர் என்று மெதுவாகக் கேட்டாள். பெட்டியில் சேர்த்து வைக்க வேண்டாமா என்றாள். ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவைத் தேயிலைக்கு நடுவே ஒரு காலோடு புதைத்தோம்.

கருமாதி முடிந்த அன்று டின்னை எடுத்தேன். எல்லாம் பழசாகிவிட்டது, திகதி முடிந்த மருந்து, இதைப் போடக்கூடாது என்று சொல்லி மாத்திரைகளைக் கக்கூஸ் குழியில் கொட்டினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நானும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவின் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். வெறும் டின்னை அந்தப் பெண் சீனி போட்டு வைக்கக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, அக்காவின் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள், சாமானை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று செய்தி வந்தது. லீவு போட்டுவிட்டு ஒரு வேலை நாள் காலையில் போனேன். லயத்தில் எல்லோரும் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருந்தார்கள். பக்கத்துக் காம்பராப் பெண் மட்டும் வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்த எதையோ கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கால் அவசரமாக மூடினாள். மூடியது சரியாக மூடவில்லை. பால்மா டின்னின் மஞ்சள் விளிம்பு தெரிந்தது.

திறந்து பார்த்தேன். மூன்று அறையும் நிரம்பியிருந்தன. மூடியில் என் கையெழுத்து, டேப்புக்கு அடியில் ஓர் எழுத்துக்கூட மங்காமல் இருந்தது.

பிள்ளைக்குக் காதில் சீழ், நாலைந்து நாளைக்கு முன்னால் காய்ச்சல் கண்டது என்றாள். பெரியவர்களுடைய கெப்சூலை உடைத்துப் பாதித் தூளைச் சீனித் தண்ணீரில் கரைத்து இரண்டு நாள் கொடுத்தாளாம். காய்ச்சல் விட்டதாம். நிறுத்திவிட்டு மிச்சத்தை டின்னில் போட்டாளாம். நேற்றிலிருந்து மறுபடி அடிக்கிறதாம். நீங்கள் பழைய மருந்து கூடாது என்றீர்கள், இது புது மருந்துதான் டீச்சர், எல்லாம் நீங்கள் எழுதியிருந்தபடிதான் செய்தேன் என்றாள். பிள்ளையின் கழுத்தைத் தொட்டேன். கொதித்தது.

அக்கா கேட்டுக்கொண்டதை அந்த இடத்தில் மீறினேன்.

"நான் எழுதினது தப்பு," என்றேன். "அக்கா கால் போனதும் அக்கா போனதும் இதாலதான். டொக்டர் கேட்டப்ப, மருந்தே போடலன்னு நான் பொய் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். அழுவாள், ஏசுவாள், டின்னைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் இல்லை.

"அப்ப இப்ப புள்ளைக்கு என்னத்தக் குடுக்கட்டும்?" என்றாள்.

அடுத்த பஸ்ஸில் மூவரும் பதுளைக்குப் போனோம். டின்னையும் பையில் போட்டுக்கொண்டேன். பிள்ளை வழி முழுக்க என் தோளில் அனலாகக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று எங்கள் முறை வந்தபோது, மேசையில் வயதான ஆண் டொக்டர் ஒருவர் இருந்தார். காதுக்குள் பார்த்தார், நெஞ்சில் வைத்துப் பார்த்தார். எழுதிக்கொண்டே, முன்னால் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டார்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லீங்க சார்," என்றாள்.

"குடுத்தோம் டொக்டர்," என்றேன். "ரெண்டு நாள் குடுத்துட்டு நிறுத்திட்டோம்."

என்ன மருந்து என்றார். டின்னை எடுத்து மேசைமேல் வைத்தேன். திறந்தார். கெப்சூல்களைக் கிளறிப் பார்த்தவர் மூடியின் உட்பக்கத்தைக் கண்டு அதை என் பக்கம் திருப்பினார். அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்க, வாசித்துக் காட்டினேன்.

யார் எழுதியது என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.